மூணு வருஷமா ஒரே கண்டென்சர் மைக்: வீட்டு ரெக்கார்டிங்ல குரல் டோன் சரியான கதை

ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 கண்டென்சர் மைக் (சின்ன சத்தத்தையும் பிடிக்கிற ஸ்டூடியோ வகை), எக்ஸ்எல்ஆர் மாடல் (மூணு முள் கேபிள்ல மாட்டுறது), வாங்கி மூணு வருஷம் தாண்டிருச்சு. கூட ரெண்டு இன்புட் உள்ள ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோட சேக்குற பெட்டி), காதை முழுசா மூடுற ஹெட்போன், அவ்வளவுதான் செட்டப். நான் பாடுறது கர்நாடக சங்கீதம், கொஞ்சம் மெல்லிசை, சுருதி ஒரு கட்டை (ஹார்மோனியத்துல C, அதுதான் என் ஸ). முதல் ஆறு மாசம் இந்த மைக்கை வித்துடலாமான்னு தினமும் யோசிச்சேன், ஏன்னா என் குரல் தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும், கீழ போனா கும்முனு வீங்கும், ச வர்ற இடமெல்லாம் காதைக் கிழிக்கும். இன்னைக்கும் அதே மைக், அதே இன்டர்ஃபேஸ்தான். நிக்கிற இடத்தையும் ரூமையும்தான் மாத்தினேன், இப்ப விக்கிற நினைப்பே இல்ல.

முதல் வாரம் பண்ண தப்பை மொதல்ல சொல்லிடுறேன், புதுசா வாங்குற நிறைய பேர் இதே இடத்துலதான் மாட்டுறாங்க. கச்சேரி மைக் பழக்கத்துல மைக்கோட உச்சிய வாய்க்கு நேரா சாய்ச்சு வச்சு பாடிட்டு இருந்தேன். இந்த வகை மைக் பக்கவாட்டுல கேக்கும், கம்பெனி பேர் போட்டிருக்க பக்கம்தான் முகம். உச்சியில பாடினா மேல் ஃப்ரீக்வென்சி எல்லாம் மங்கிப்போய் போர்வை போட்டு மூடின மாதிரி இருக்கும், நான் அதை ஈக்யூல (ஒலியோட மேல், கீழ் பகுதிகளைத் தனித்தனியா ஏத்தி இறக்குற வசதி) ட்ரெபிள் ஏத்தி சரி பண்ணப் பாத்தேன், இரைச்சல்தான் கூடுச்சு. டப்பிங் வேலை பாக்குற நண்பன் போட்டோவைப் பாத்துட்டு "அண்ணே, மைக்க நிமித்தி வைங்க, உங்க பக்கம் பேர் தெரியணும்"னு சொன்னான், அன்னைக்கே பாதி மங்கல் போயிருச்சு.

அதுக்கப்புறம் இருந்தது ரூம் பிரச்சினை, அதுக்குத்தான் ஒரு வருஷம் பிடிச்சுது. நம்ம ஊர் வீட்டு ரூம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், 10க்கு 10, சீலிங்கும் ஏறக்குறைய 10 அடி, காங்கிரீட், கீழ டைல்ஸ். நான் நட்ட நடுவுல ஸ்டாண்ட் போட்டு பாடுவேன். மந்திர ஸ்தாயில, அதாவது கீழ் ஸ்தாயில, சதுஸ்ருதி தைவதம் (பெரிய த) தொட்டா மட்டும் குரல் ரெண்டு மடங்கா வீங்கும், பக்கத்து ஸ்வரத்துக்கு அந்த வீக்கம் கிடையாது. தொண்டையில ஏதோ கோளாறுன்னு பயந்து ரெண்டு மாசம் கீழ் சாதகமா பண்ணேன். அப்புறம்தான் கணக்கு புரிஞ்சுது. 10 அடி தூரத்துல எதிர் எதிரா இருக்குற ரெண்டு சுவருக்கு நடுவுல சத்தம் 57 ஹெர்ட்ஸ் பக்கமும் அதுக்கு டபுளா 114 பக்கமும் தேங்கி நிக்கும், அதுல இந்த 114 சரியா ரூம் நடுவுலதான் உச்சத்துல இருக்கும். ஒரு கட்டையில மந்திர தைவதம் 110 ஹெர்ட்ஸ், ரொம்ப பக்கம். நீளம் அகலம் உயரம் மூணும் ஒண்ணா இருக்கவும் மூணு பக்கத்து வீக்கமும் ஒரே இடத்துல சேந்துக்குது. ஒரு சுவர்ல இருந்து மூணரை அடி, பக்கத்து சுவர்ல இருந்து நாலு அடின்னு மைக்கைத் தள்ளி வச்சேன், தைவதம் மத்த ஸ்வரங்களோட சமமா உக்காந்துருச்சு. உங்க சுருதி வேற, ரூம் வேறன்னா வீங்குற ஸ்வரமும் வேறயா இருக்கும், மெதுவா ஸ்வரம் ஸ்வரமா இறங்கிப் பாடி ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா எதுன்னு நீங்களே பிடிச்சுடலாம்.

டப்பா சத்தத்துக்கு முதல்ல ஒரு இஞ்ச் ஃபோம் வாங்கி சுவரெல்லாம் ஒட்டுனேன். காசு வீண்னுதான் சொல்லுவேன். மெல்லிசான ஃபோம் மேல் ஃப்ரீக்வென்சிய மட்டும் குடிக்கும், 200ல இருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்குற அடைப்பை அப்படியே விட்டுரும், அதனால ரூம் முன்னைவிட மந்தமாத்தான் ஆச்சு. முட்டை அட்டை அதுவும் கிடையாது, தயவு செஞ்சு அதுல இறங்காதீங்க. எனக்கு வேலை செஞ்சது பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தை ரெண்டு, கனமா நாலஞ்சு இஞ்ச் தடிமன். அதை மைக்குக்குப் பின்னால வைக்காம என் முதுகுக்குப் பின்னால நிறுத்தி வச்சேன், ஏன்னா இது கார்டியாய்ட் மைக், தன் முதுகுப் பக்கம் வர்றத பெருசா கேக்காது, எனக்குப் பின்னாடி இருக்க சுவர்ல பட்டு திரும்புறதத்தான் நேரா வாங்கும். தரையில ஒரு தடி ஜமுக்காளம், துணி நிறைஞ்ச அலமாரிக் கதவு திறந்தபடி.

இன்னொண்ணு மேஜை. கொஞ்ச நாள் மேஜை ஸ்டாண்ட்ல வச்சு உக்காந்து பாடுனேன், குரல் மூக்குல இருந்து வர்ற மாதிரி ஆயிருச்சு. குரல் நேரா ஒரு தடவ, மேஜைப் பலகையில பட்டு ஒரு தடவ வரும், அந்த ரெண்டாவது வழி 34 செ.மீ. கூடுதல்னா 1 மில்லிசெகண்ட் லேட்டு, உடனே 500, 1500, 2500 ஹெர்ட்ஸ்ல குழி விழும். ஈக்யூவால இந்தக் குழிய ரொப்ப முடியாது. தரை ஸ்டாண்டுக்கு மாறுங்க, நின்னு பாடுங்க, மூச்சுக்கும் அதுதான் நல்லது.

தூரம்: இப்ப நான் வைக்கிறது ஒரு சாண், சில நாள் கொஞ்சம் கூட. நாலு விரல் கிட்ட போனா அடிக்குரல் தானா தடிக்கும், கார்டியாய்டோட குணம் அது, பேசுறதுக்கு சுகமா இருக்கும், ஆனா ஆலாபனையில தலை முன்ன பின்ன ஆடும்போது ஒரே வரியில டோன் மூணு விதமா மாறும். ரொம்ப தள்ளிப் போனாலும் ஆகாது, தூரம் டபுளானா நேர் குரல் 6 டெசிபல் இறங்கும், ரூம் எதிரொலி மட்டும் அப்படியே நிக்கும். அப்புறம் மைக்கை மூக்கு உயரத்துல வச்சு லேசா ஒரு பக்கம் திருப்பிடுறேன், வாய்க்காத்து தாண்டிப் போயிரும். தமிழ்ல பாட்டு பாடுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்ங்க, சொல்லு ஆரம்பிக்கிற ப, நடுவுல வர்ற ப்ப ரெண்டும் மைக்கை அடிக்கும், பாப் ஃபில்டர் (மைக் முன்னாடி வைக்கிற காத்துத் தடுப்பு வலை) மட்டும் போதல.

கெயின் (மைக் சத்தத்தை இன்டர்ஃபேஸ்ல எவ்வளவு ஏத்தி வாங்குறோம்கிறது) விஷயத்துல சுருக்கமா, 24 பிட்ல எடுங்க, தார ஸ்தாயில முழுக்குரல்ல பாடும்போது மீட்டர்ல உச்சம் மைனஸ் 10 டெசிபல் தாண்டாம வைங்க. நான் முதல்ல மத்திய ஸ்தாயிக்கு கெயின் வச்சுட்டு மேல் பஞ்சமத்துல கிழிச்சு நல்ல டேக் எத்தனையோ இழந்திருக்கேன். 48 வோல்ட் ஃபான்டம் (இன்டர்ஃபேஸ் மைக்குக்குக் குடுக்குற கரன்ட்) போடும்போதும் அணைக்கும்போதும் ஹெட்போன் வால்யூமை இறக்கிடுங்க.

மைக்கோட உள் இரைச்சல் 20 டெசிபல்னு கம்பெனியே போட்டிருக்கு, இதைவிட அமைதியான மைக் நிறைய இருக்கு. முழுக்குரல் பாட்டுக்கு அது தெரியவே தெரியாது, தாலாட்டு மாதிரி முணுமுணுன்னு பாடினா இடைவெளியில லேசா ஸ்ஸ்னு கேக்கும். ஃபேன் சத்தத்தோட பாத்தா அது ஒண்ணுமே இல்ல, அதனால நான் ஃபேன நிறுத்திட்டு காலைல நாலரை மணிக்கு எடுக்குறேன், சித்திரை மாசத்துல கஷ்டம்தான். மழைக்காலத்துல எந்த கண்டென்சரையும் ஸ்டாண்ட்லயே விட்டு வைக்காதீங்க, ஈரம் ஏறினா பொறி பறக்குற மாதிரி சத்தம் வரும், சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பாவுல மூடி வச்சுடுங்க.

இப்ப ஈக்யூல பண்றது 80 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டு, 300 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் குறைப்பு, அவ்வளவுதான்.

போன மாசம் தங்கச்சி பாட வந்தா, அவளுக்கு அஞ்சு கட்டை, என் பொசிஷன்லயே நிக்க வச்சா ஸ எல்லாம் ஊசியா குத்துது. மைக்கை அவ தாடைக்குக் கீழ இறக்கி வாயைப் பாத்து லேசா நிமித்தி வச்சு, தூரத்தையும் ஒன்றரை சாண் ஆக்கினதும் குரல் உருண்டையா வந்துச்சு. "இது நான் பாடுற மாதிரியே இருக்குண்ணே"ன்னா. ஜமுக்காளத்துல நான் நிக்கிற இடத்துக் கோட்டோட, அவளுக்குன்னு இன்னொரு சாக்பீஸ் கோடு போட்டு வச்சிருக்கேன்.