கோலாலம்பூரில் 24 நாள்: ஓட்டலா, அண்ணன் வீடா, வாடகை அபார்ட்மென்டா?

மே விடுமுறைக்கு மதுரையிலிருந்து ஆறு பேர் கிளம்பினோம். அப்பா, அம்மா, மூட்டுவலியோடு அத்தை, நான், மனைவி, எட்டு வயது மகள். துவரங்குறிச்சி வழியாகத் திருச்சிக்கு வேன், அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், சுமார் நான்கு மணி நேரம். 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை நமக்கு விசா தேவையில்லை. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். எங்கே தங்குவது என்பதைத்தான் இரண்டு வாரம் பேசினோம்.

ஓட்டல் என்றால் மூன்று அறை. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. மூன்று அறைக்கு 23 இரவு, வரி மட்டுமே 690 ரிங்கிட். நான்கைந்து நாள் பயணத்துக்கு ஓட்டல்தான் சரி, மறுக்கவில்லை. மூன்று வாரம் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு என்றால் சர்க்கரை உள்ள அப்பாவுக்கு ஆகாது.

கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில் பெரியப்பா மகன் இருக்கிறார். "நம்ம வீடு இருக்கும்போது வாடகை எதுக்குடா?" என்று அண்ணன் மனசாரத்தான் கேட்டார். ஆனால் அண்ணனும் மதினியும் வேலைக்குப் போகிறவர்கள், காலை ஆறரைக்கே காரை எடுக்க வேண்டும். ஆறு பேருக்கு இட்லி ஊற்ற மதினி நாலரைக்கு எழுவார், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். அங்கே மூன்று வாரம் தங்க எனக்கு மனம் வரவில்லை.

ஊர் சுற்றப் போகிறவர்களை விட, வீட்டில் இருக்கப் போகிறவர்களை வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பத்துமலையில் 272 படி. அத்தை ஏறமாட்டார். 140 அடி முருகனைக் கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், மறுநாள் கால் நீட்டிப் படுக்க இடமும், பேச்சுத்துணைக்கு ஆளும் வேண்டும். ஓட்டலில் என்றால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் கிடக்க வேண்டும். மூன்று படுக்கையறை அபார்ட்மென்டில் ஹாலில் படுத்தபடியே அடுப்படியில் நிற்கும் அம்மாவோடு பேசலாம். அதனால் கோலாலம்பூரின் 'லிட்டில் இந்தியா'வான பிரிக்பீல்ட்ஸில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டை எடுத்தோம். கீழே இறங்கினால் தமிழ்க் கடைகள், வாழையிலைச் சாப்பாடு. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம், பத்துமலைக்கு அங்கிருந்தே ரயில்.

அபார்ட்மென்டிலும் சிக்கல் உண்டு. முதலில் பதிவு செய்த கொண்டோவின் (அடுக்குமாடி வீட்டின்) உரிமையாளர், பயணத்துக்குப் பத்து நாள் முன்பு பணத்தைத் திருப்பிவிட்டார். சில நாள் வாடகைக்கு விடக் கட்டட நிர்வாகம் சம்மதிக்கவில்லையாம். நிர்வாகக் குழு அப்படித் தடை போடலாம் என்று மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே பணம் கட்டும் முன், கட்டடத்தில் குறுகிய கால வாடகைக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுலா வரி வாடகையில் அடக்கமா என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் அடுப்பு. அம்மா புடவையில் சுற்றிக் கொண்டுவந்த அலுமினிய குக்கர் அங்கிருந்த இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகவே இல்லை. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் அதற்கு வேண்டும். முதல் நாள் மாலையே கீழ்க் கடையில் ஒரு ஸ்டீல் குக்கர் வாங்கினோம். மறுநாள் அப்பா ஊசி போட்ட கையோடு கோதுமை தோசை தட்டில் விழுந்தது. அங்கே நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தோம்.

அண்ணன் வீட்டை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி, சனி, ஞாயிறு அங்கேதான் இருந்தோம். அவர்களுக்கும் அன்று லீவு. கிள்ளானின் இந்தியக் கடைத்தெருவான தெங்கு கிளானா சாலையில் எல்லோருமாகப் பூ வாங்கப் போனோம். ஞாயிறு இரவு மதினி அம்மாவின் கையை விடவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருங்கத்தை."