சென்னைப்பை மீட்டப்பா, பைகான் இந்தியாவா?

பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழி கத்துக்கிட்டிருக்கிற நம்ம ஊர் பசங்க, சென்னையில பைத்தான் ஆளுங்க கூடுற சென்னைப்பை மீட்டப், நாடு முழுக்க இருந்து வந்து கூடுற பைகான் இந்தியா மாநாடு, இந்த ரெண்டுல எதுக்குப் போகலாம்னு கேட்டா, முதல்ல சென்னைப்பை மீட்டப்னுதான் சொல்வேன். மாசாமாசம் நாலாவது சனிக்கிழமை, காசு கிடையாது, டாக் முடிஞ்சதும் பேசினவரையே பிடிச்சு நிறுத்தி சந்தேகம் கேக்கலாம், அடுத்த மாசம் போனா அதே முகங்க இருக்கும், அந்தப் பழக்கம் வேலை தேடும்போது நிஜமாவே கை கொடுக்கும். மேடை பயம் இருக்கிறவங்க ஒரு லைட்னிங் டாக் எடுத்துப் பாருங்க, சில நிமிஷம் பேசினா போதும், காலேஜ் பசங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்ல.

பைகான் இந்தியா 2009ல பெங்களூருல ஆரம்பிச்சது, வருஷத்துக்கு ஒரு தடவை, ஊர் மாறும், 2019ல சென்னைக்கே வந்துச்சு. டிக்கெட், ரயில், ரூம்னு செலவு எகிறும். ஆனா எல்லாரும் சேர்ந்து உக்காந்து கோட் எழுதுற டெவ்ஸ்பிரிண்ட் ஒண்ணுக்காகவே போகலாங்க! ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டை (யார் வேணா கோடைப் பாத்து மாத்தலாம்) பராமரிக்கிறவங்களே பக்கத்துல உக்காந்து செட்டப்ல இருந்து முதல் புல் ரெக்வெஸ்ட் (நாம மாத்தின கோடை ப்ராஜெக்ட்ல சேத்துக்கச் சொல்லி அனுப்புறது) வரைக்கும் கூட இருப்பாங்க, சில மணி நேர மீட்டப்புல அதுக்கு நேரமே பத்தாது. அதனால ஏதாவது ஒரு பைத்தான் லைப்ரரியை (ஏற்கெனவே எழுதி வச்ச கோட் தொகுப்பு) நல்லா பழகிட்டுப் போங்க, அப்பதான் முழுப் பலன். காசுதான் தடைன்னா நிதி உதவிக்கு அப்ளை பண்ணுங்க, கூச்சப்படாதீங்க.