அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் கண்டென்சர் மைக்: ஒலி அருமை, ஈரம்தான் எமன்

"அண்ணே, வீட்டுல அக்கூஸ்டிக் கிட்டார் ரெக்கார்ட் பண்ண ஒரு கண்டென்சர் மைக் வாங்கணும். எது நல்லது?" தம்பி ஒருவர் அனுப்பிய இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் போட முடியவில்லை. கேள்வி வந்த வாரம்தான் என் கண்டென்சர் மைக் ஜோடியில் ஒன்று பழுதுபார்த்துத் திரும்பி வந்திருந்தது. ஐந்து ஆண்டில் இது இரண்டாவது தடவை. மைக்கின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. சிறு டயஃப்ரம் (ஒலியில் அதிரும் மெல்லிய படலம்), கார்டியாய்ட் (முன்பக்க ஒலியை அதிகம் வாங்குவது), 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) என்று கடையில் கிடைக்கிற பென்சில் மைக் ஜோடிகளில் அதுவும் ஒன்று. ஈரத்தில் சட சடவென்று வெடிக்கும் குறை அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதும் அல்ல, இந்த வகைக்கே உரியது.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுகிறேன். ஒலி அருமை. கிட்டாரின் 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேராக 25 செ.மீ. தள்ளி வைத்து, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து மைக்கைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். நகம் கம்பியை விடுகிற அந்த முதல் நொடி அப்படியே வந்து உட்காரும். சுற்றுக்கம்பியில் விரல் சறுக்கும் ஓசையும் வரும், அதன் அளவில் வரும். கமகம் பிடித்து வாசிப்பவர்களுக்கு இது முக்கியம். சறுக்கோசை தூக்கலாகிவிட்டால் கமகத்தின் குழைவு கெட்டுவிடும். அப்படிப்பட்ட உருப்படிகளுக்கு மைக்கை 15ஆவது ஃப்ரெட் பக்கமாக நகர்த்தி, 5 செ.மீ. மேலே தூக்கி, இடது கை மைக்கின் நேர்ப்பார்வையில் படாமல் வைத்துக்கொள்ளலாம்.

சவுண்ட்ஹோலை நேராகப் பார்த்து வைக்கவே கூடாது. பெரிய உடல் கொண்ட கிட்டாரின் காற்றறை 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்வு கொடுக்கும். கிட்டே வைத்த கார்டியாய்ட் மைக் தன் பங்குக்குக் கீழ்ச்சுருதியை மேலும் ஊதும். இரண்டும் சேர்ந்தால் கிட்டார் பானைக்குள் இருந்து பேசும். ஆறாவது கம்பியின் அடிச்சுருதி 82 ஹெர்ட்ஸ். ஆகவே 75 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி) போட்டால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

சிறு டயஃப்ரம் ஏன் என்றால், கிட்டாரில் ஒலி ஓர் இடத்திலிருந்து வருவதில்லை. பலகை, பக்கம், கழுத்து என்று எல்லாமே பேசுகின்றன. 10,000 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளமே 3.4 செ.மீ.தான். ஓர் அங்குல டயஃப்ரம் அந்த அளவுக்குக் கிட்ட வந்துவிடுவதால், பக்கவாட்டிலிருந்து வரும் உச்ச ஒலிகளை அது மழுங்கடிக்கும். அரை அங்குல டயஃப்ரத்தில் அந்தக் கேடு குறைவு. பாட்டும் பதியவேண்டும் என்பவர் பெரிய டயஃப்ரம் வாங்கட்டும், தவறில்லை. கிட்டார் மட்டும்தான் என்றால் சிறியதே என் கட்சி.

கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து பார்ப்பது செல்ஃப் நாய்ஸ், அதாவது மைக் தானே எழுப்பும் இரைச்சலின் கணக்கு. ரோட் என்டி1-ஏ 5 டெசிபெல், நாய்மன் கேஎம்184 13, ரோட் என்டி5 16, ஷூர் எஸ்எம்81 16, ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 20 என்று அட்டவணை போட்டு ஒப்பிடுகிறார்கள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நள்ளிரவில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அறை இரைச்சல் 30 டெசிபெல்லுக்கு இறங்கினால் அதுவே பெரிது. அந்த 30-உடன் மைக்கின் 5-ஐச் சேர்த்தால் மொத்தம் 30.01. 16-ஐச் சேர்த்தால் 30.17. 20-ஐச் சேர்த்தாலும் 30.4தான். இந்த வித்தியாசத்தை எந்தக் காதும் பிடிக்காது. மைக்கை 40 செ.மீ.யிலிருந்து 25 செ.மீ.க்குக் கிட்டே கொண்டுவந்தால் கிட்டாரின் ஒலி சுமார் 4 டெசிபெல் கூடும். பணம் கொடுத்து வாங்குவதைவிட அது பெரிய லாபம். சத்தமே இல்லாத ஸ்டூடியோவுக்கு எழுதிய அட்டவணையை வைத்து நான்கறை வீட்டுக்கு மைக் வாங்க வேண்டியதில்லை.

இங்கே வாங்கும்போது பார்க்கவேண்டியது ஈரம். அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. அப்படியே இருந்தாலும் எங்கோ ஓர் ஓரத்தில்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் அமைதியான நேரமும் ஈரமான நேரமும் ஒன்றுதான். பகலில் பதிய முடியாது. மேல்மாடியில் யாராவது வீடு புதுப்பித்துக்கொண்டிருப்பார்கள். உடைக்கிற வேலைக்கு வார நாளில் 9 மணி முதல் 5 மணி வரை அனுமதி உண்டு. அது போனால் கீழே பிள்ளைகள், லிஃப்ட், எம்ஆர்டி ரயில் தடம் பக்கத்தில் இருந்தால் அதுவும். எல்லாம் அடங்குவது நள்ளிரவுக்குப் பிறகு. விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் அது 60 பக்கம் இறங்கும். டிசம்பரில் பருவமழை விடாமல் பிடித்துக்கொண்டால் அந்தப் பிற்பகலும் கிடையாது. ஐந்து மணிக்கெல்லாம் குயில் வேறு ஆரம்பித்துவிடும். அதன் கூவல் கிட்டாரின் மேல்சுருதிகளோடு பின்னிக்கொண்டால் எந்த ஈக்யூவாலும் (சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பிரிக்க முடியாது. (வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரில் போய்ப் பதியலாம் என்பவர்களுக்கு: அங்கே அமைதி உண்டு. ஆனால் அந்தக் கான்கிரீட் பெட்டிக்குள் கிட்டார் குளியலறையில் வாசித்தது போல இருக்கும். நான்கு சுவருக்கும் தடித்த போர்வை தொங்கவிட்டாலும் கீழ்ச்சுருதி முட்டும்.)

இனி ஈரம் கிளப்பும் அந்தச் சத்தம். எண்ணெய் காய்ந்து முதல் இரண்டு கடுகு வெடிக்கும், அடுத்தது எப்போது என்று தெரியாது. அப்படித்தான் இருக்கும். ஒரு சட், நீண்ட அமைதி, பிறகு சட சட. வாசிப்பின் நடுவில் வந்தால் கிட்டார் ஒலியில் மறைந்துவிடும். கடைசி ஸ்வரத்தை இழுத்து விட்டு, அது தேய்ந்து தேய்ந்து அடங்குகிற அந்த ஆறேழு நொடியில் தவறாமல் வரும். நல்ல டேக் போயிற்று.

காரணம் எளிது. கேப்சூல் என்பது டயஃப்ரமும் பின்தகடும் சேர்ந்த ஒரு மின்தேக்கி (கண்டென்சர்). அதன் மின்தேக்கம் சில பத்து பிக்கோஃபாரட்தான். அதைத் தாங்கிப் பிடிக்கும் ரெசிஸ்டரோ ஒரு கிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம் அளவில். அவ்வளவு உயர்ந்த மின்தடை இருக்கும் இடத்தில் மெல்லிய ஈரப்படலமே கம்பி போட்ட மாதிரி. ஈரம் தனியாக வந்தால்கூடப் பரவாயில்லை. டயஃப்ரத்தின் ஓரத்திலும் சர்க்யூட் பலகையிலும் படிந்திருக்கும் தூசி, வியர்வை உப்பு, எண்ணெய்ப் புகை எல்லாம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன் வழியே போலரைசேஷன் வோல்டேஜ் (கேப்சூலுக்கு மின்னூட்டம் தரும் வோல்டேஜ்) விட்டுவிட்டுக் கசியும். ஒவ்வொரு கசிவும் ஒரு சட். நம் வீடுகளில் தாளிப்புப் புகையும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் உண்டு. மைக் ஸ்டாண்டிலேயே நிற்கும் வீடாக இருந்தால் சாம்பிராணி போடும் முன் அதை எடுத்து உள்ளே வையுங்கள். பதிவு முடிந்த இரவும் அப்படியே விடாதீர்கள்.

ஏர்கான் இதில் நண்பனும் எதிரியும். அறையை ஒரு மணி நேரம் குளிரவைத்து, பதியும்போது நிறுத்திக்கொண்டால், காற்று காய்ந்திருக்கும் அந்த இருபது நிமிடம் பொன். ஆனால் 22 டிகிரிக்குக் குளிர்ந்துபோன மைக்கை அப்படியே கூடத்துக்குக் கொண்டுபோனால் தொலைந்தது. இங்கே வெளிக்காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24, 25 டிகிரி. குளிர்ந்த உலோகத்தில், உள்ளே டயஃப்ரத்திலும், வேர்த்துவிடும். ஏர்கான் அறையிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, பிறகு வெளியே எடுத்து முக்கால் மணி நேரம் பையைத் திறக்காமல் வையுங்கள். கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பழக்கம்தான், மைக் வைத்திருப்பவர்கள் செய்வதில்லை.

சத்தம் வந்ததும் மைக்கைக் குற்றம் சொல்லவேண்டாம். முதலில் கேபிளை மாற்றுங்கள். கேபிள் முனையின் எக்ஸ்எல்ஆர் முள்ளில் பச்சை பிடித்திருந்தாலும் ஃபேண்டம் பவர் போகும்போது இதே சத்தம் வரும். பிறகு இண்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அடுத்த சேனலில் போட்டுப் பாருங்கள். சத்தம் மைக்கோடு கூடவே போனால்தான் மைக். அப்போது காற்றுப் புகாத டப்பாவில் புதிய சிலிக்கா ஜெல்லோடு 24 மணி நேரம் வைத்து மறுபடி சோதியுங்கள். நின்றுவிட்டால் ஈரம், காயவைத்தால் பிழைக்கும். காய்ந்த பிறகும் வெடித்தால் அழுக்கு, ஆள் பார்க்கவேண்டும். டயஃப்ரத்தை நீங்களே துடைக்க வேண்டாம், பஞ்சுகூட வேண்டாம். அது சில மைக்ரான் தடிமனுள்ள படலம், மேலே பொன் பூச்சு. ஒரு தடவை துடைத்தால் முடிந்தது கதை.

இந்தத் தடவை பழுது பார்த்தவர் கண்டது கோபத்தைத்தான் கிளப்பியது. கேப்சூல் சுத்தம். உள்ளே எஃப்இடி என்ற டிரான்சிஸ்டரின் கேட் கால் (கேப்சூல் வந்து சேரும் முனை) பற்றவைத்த இடத்தைச் சுற்றி, தொழிற்சாலையிலிருந்தே கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் (பற்றவைக்கப் பூசும் பசை) பழுப்பாக, வெல்லப்பாகு உறைந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. 99 விழுக்காடு ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்டு, தூரிகையால் கழுவி, உலரவைத்தார். வேலை அவ்வளவுதான். காய்ந்த ஊரில் இந்த மைக் இருபது வருடம் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். ஈர நாட்டுக்கும் விற்கிறவர்கள் பலகையை ஒழுங்காகக் கழுவியாவது அனுப்பலாமே!

மைக் வாங்கும் பட்ஜெட்டிலேயே டிரை கேபினெட் (உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறியதே போதும், 40 முதல் 45 விழுக்காட்டில் வையுங்கள். அதன் மீட்டரை நம்பவேண்டாம், பல பொய் சொல்லும். தனி ஹைக்ரோமீட்டர் (ஈரமானி) ஒன்றை, ஒரு மூடி நிறைய ஈரமாக்கிய சமையல் உப்போடு ஜிப் பையில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் 75 காட்டவேண்டும். எத்தனை விலகுகிறதோ அத்தனையைக் கழித்தோ கூட்டியோ படியுங்கள். கேபினெட் வேண்டாம் என்றால் ஐந்து லிட்டர் டப்பாவும் 200 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல்லும். நிறம் பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். அலமாரியில் வைக்கும் தண்ணீர் சேரும் டப்பாக்களை மைக்கோடு வைக்கவே கூடாது. அது கால்சியம் குளோரைடு. சேர்வது உப்புநீர், சிந்தினால் மைக்கின் உலோகத்தையே அரித்துவிடும். மைக்கோடு வரும் பெட்டியின் கறுப்பு ஸ்பஞ்சையும் தூக்கிப் போடுங்கள். சில வருடத்தில் பிசுபிசுத்து உதிர்ந்து, அந்தத் தூள் நேராகக் கேப்சூல் வலைக்குள் போகும்.

இந்தத் தொல்லை அறவே வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை கேப்சூலை ரேடியோ அலைவரிசைச் சர்க்யூட்டில் வைத்து வேலை வாங்குகிறது. மின்தடை குறைவு என்பதால் ஈரம் அதைத் தொடுவதே அபூர்வம். மழைக்காட்டில் படப்பிடிப்புக்குப் போகிறவர்கள் அதைத் தேடுவதும் அதனால்தான். ஒன்றின் விலைக்கு ஒரு நல்ல கிட்டார் வந்துவிடும். நடுவழி எலக்ட்ரெட். மின்னூட்டம் பொருளுக்குள்ளேயே உறைந்திருப்பதால் வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுப்பதில்லை, கசிந்து வெடிப்பது குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்லமாட்டேன், கேட் பக்கத்து உயர்மின்தடை அங்கேயும் அதேதான். மேலே சொன்ன ஏடி2020-உம் எஸ்எம்81-உம் எலக்ட்ரெட் வகை. எலக்ட்ரெட் என்றால் மட்டம் என்பது பழைய நினைப்பு.

ஆகவே தம்பிக்கு: ஒலிக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் இந்த ஜோடிக்குக் குறைக்க மனம் வராது. ஆனாலும் இதை வாங்காதே. எலக்ட்ரெட் ஒன்று, ஒன்றே ஒன்று வாங்கு. மிச்சக் காசில் டிரை கேபினெட். ஸ்டீரியோவுக்கு அப்புறம் பார்க்கலாம்.

கரோசெல் இணையச் சந்தையில் பழையது பார்க்கிறாய் என்றால் காலையில் போ, மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. விற்பவர் அதை டிரை கேபினெட்டில் இருந்து எடுக்கிறாரா, ஸ்டாண்டில் இருந்து எடுக்கிறாரா என்று முதலில் பார். கைப்பேசி டார்ச்சைக் கேப்சூல் வலையில் சாய்த்து அடி. டயஃப்ரத்தில் வெள்ளைப் புள்ளியோ நூலோ தெரிந்தால் பூஞ்சை, திரும்பி வந்துவிடு. தெரியவில்லை என்றால் ஹெட்ஃபோனை மாட்டி, கிட்டார் பதியும் அளவுக்குக் கெயினை ஏற்றி, யாரையும் பேசவிடாமல் பத்து நிமிடம் கேள். இரண்டு நிமிடம் போதாது, கடுகு வெடிக்க நேரமாகும்.