பனியில் மோதியவனுக்கு எந்த மறுமொழி?

கனடாவிலிருந்து பெறாமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வழக்குத் தாளை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துத்தான் வாசித்தேன். போன வருடம் மாசியில் ஒன்ராறியோவில் பனிச்சறுக்கப் போனவன், முன்னால் போன பெண்மணியின் மேல் பின்னாலிருந்து மோதியிருக்கிறான். அவருக்கு மணிக்கட்டு முறிவு. மலைக் கம்பனி முதலாம் எதிராளி, இவன் இரண்டாம் எதிராளி.

"சித்தப்பா, பனியில விழுறது வழமைதானே, இதுக்கும் வழக்கோ?"

யாழ்ப்பாணத்தில் ஒரு பிரக்கிராசியிடம், அதாவது வழக்கறிஞரிடம், முப்பது வருடம் லிகிதராக இருந்தவனிடம் கேட்டால் சும்மா விடுவேனா?

அவன் பிடித்துத் தொங்கியது "ஆபத்துத் தெரிஞ்சுதானே வந்தவ" என்ற வாதத்தில். கேட்க எடுப்பாக இருக்கும். எங்கள் வண்டிச்சவாரித் திடலில் ஓரத்தில் நிற்பவருக்கும் மாடு வெருளும் என்று தெரியும். அதற்காக, சாரதி கவனமில்லாமல் சனத்துக்குள் வண்டியை விட்டால் அதையும் சம்மதித்துத்தான் வந்தார் என்று சொல்ல ஏலுமோ? கனடாவில் இந்த வாதம் வெல்ல, காயத்தின் ஆபத்தை மட்டுமல்ல, வழக்குப் போடும் உரிமையையும் அவர் விட்டுக்கொடுத்தார் என்று காட்டவேண்டும். 1988இல் குரொக்கர் வழக்கில், மதுவெறியில், காற்றடைத்த ரியூப்பில் பனிச்சரிவில் சறுக்கும் போட்டியில் இறங்கிக் கழுத்து முறிந்தவருக்கு எதிராகக்கூட உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொறுப்பு விலக்குப் பத்திரத்தில் அவர் வாசிக்காமல் வைத்த கையெழுத்தும் போட்டி நடத்திய கம்பனியைக் காப்பாற்றவில்லை. பிழை 75க்கு 25 என்று பிரிந்தது. பெரிய பங்கு கம்பனிக்கு.

அடுத்தது, டிக்கெட்டோடு வரும் அந்தப் பொறுப்பு விலக்குப் பத்திரம்: காயம் பட்டாலும் கம்பனியில் வழக்குப் போடமாட்டேன் என்ற உடன்பாடு. 2018இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் இப்படிப்பட்ட பத்திரங்கள் பனிமலைக் கம்பனிகளுக்குச் செல்லும் என்றது. நல்ல கேடயம்தான், ஆனால் கம்பனியின் கேடயம். அது கம்பனிக்கும் அந்தப் பெண்மணிக்கும் நடந்த ஒப்பந்தம். மற்றச் சறுக்குபவர்களையும் சேர்த்து எழுதியிருந்தாலொழிய இவனுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பனி கழன்றுபோனால் சுமை முழுக்க இவன் தலையில்.

நான் பந்தயம் கட்டுவது பங்குப் பிழையில், அதாவது காயம்பட்டவரிலும் ஒரு பங்கு பிழை உண்டு என்ற வாதத்தில். முன்னால் போகிறவருக்கே வழியுரிமை என்பது கனடாவின் சறுக்கு நடத்தை விதி. அதிலே இவன் அடிபட்டுப்போனான். அதே விதிப்பட்டியலில் இன்னொன்றும் உண்டு: நின்ற இடத்திலிருந்து இறங்கமுன் மேலே பார்த்து வழிவிட வேண்டும். மீட்புக்காரர் எழுதிய விபத்துக் குறிப்பில் ஒரு வரி கிடந்தது: அந்தப் பெண்மணி ஓரத்தில் நின்று அப்போதுதான் புறப்பட்டவர். இவனுடைய கண்ணுக்கு அது படவேயில்லை. அந்த வரி வழக்கை வெல்லாது, நட்டஈட்டைக் குறைக்கும். பிழையைப் பங்கிடும் சட்டம் எங்களுக்கும் 1968இலிருந்து இருக்கிறது, புதினமில்லை.

அந்த இடத்திலேயே "சொறி" சொல்லிவிட்டேன் என்று பயந்தான். ஒன்ராறியோவில் 2009 மன்னிப்புச் சட்டப்படி அது பிழையை ஒப்புக்கொண்டதாகாது. காசு தருகிறேன் என்று மட்டும் வாய்விடாதே என்றேன்.

இதுகளுக்கெல்லாம் முன்னால் நிற்பது வீட்டுக் காப்புறுதி. அங்கே வீடு அல்லது வாடகைக் காப்புறுதியில் தனிநபர் பொறுப்பும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். தவணைக்குள் அறிவித்தால் லோயரையும் அவர்களே பிடித்துத் தருவார்கள். மறுமொழி போட 20 நாள். வழக்காடுவேன் என்று அறிவித்தால் இன்னும் 10.

"காப்புறுதிப் பத்திரம் எங்க?"

"அது மனுசியிட்டத்தான் கேக்கவேணும்."

தாள் கையில் கிடைத்து அன்றைக்கு எட்டாம் நாள்.