ஆறு வருஷமாக ஸ்விஃப்ட்: தண்டையார்பேட்டை மொட்டைமாடி அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்விஃப்ட் என்பது காரல்ல, நாசாவின் விண்வெளித் தொலைநோக்கி; அதை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அது பாட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. காமா கதிர் வெடிப்பு (எங்கோ வெகுதொலைவில் நட்சத்திரம் அழியும்போது கொஞ்ச நேரம் பீறிடும் கதிர்வீச்சு) ஏதாவது சிக்கினால் உடனே மெயில் வரும். 2019-ல் அந்தப் பட்டியலில் என் முகவரியையும் சேர்த்தேன். இலவசம்தான், நீ விஞ்ஞானியா என்று யாரும் கேட்கவில்லை. ஆக, இது மெயில் வாங்குகிறவன் எழுதும் விமர்சனம்.

ஏன் மெயில் என்றால், எங்கள் மாடியில் ஒரு பக்கம் துறைமுக விளக்கு, வடக்கே மணலிப் பக்கம் ராத்திரி முழுக்க எரியும் ஜுவாலை. நாலைந்து நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். ஆசைப்பட்டு வாங்கிய சின்னத் தொலைநோக்கி பரண்மேல் கிடக்கிறது.

மெயிலில் அழகெல்லாம் கிடையாது. வரிவரியாக எண்கள்: ட்ரிகர் எண் (அந்த அலாரத்துக்குத் தரும் அடையாள எண்), வானத்தில் எந்த இடம், எவ்வளவு பிசகலாம், சூரியனிலிருந்து எத்தனை டிகிரி, நிலாவிலிருந்து எத்தனை டிகிரி. எனக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை, அங்கே கேட்டில் தரும் சீட்டும் இதே லட்சணத்தில்தான் இருக்கும் என்பதால் சீக்கிரம் பழகிவிட்டது.

வேகத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். காமா கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது, அதனால் 50,000-க்கும் மேல் ஈயச் சில்லுகளைத் தாறுமாறாக ஒட்டிய ஒரு தட்டியை மேலே வைத்து, கீழே உள்ள டிடெக்டரில் அது போடும் நிழலைப் பார்த்துத்தான் கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்குப் போடுகிறது. மாடியில் ஜாலிக்கல் வழியாக விழும் வெயிலை வைத்து மணி சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான். கணக்கு முடிந்ததும் கீழே இருக்கும் ஆளைக் கேட்காமல் தானே திரும்பி, எக்ஸ்ரே தொலைநோக்கியையும் 30 செ.மீ. புறஊதாத் தொலைநோக்கியையும் அந்த இடத்துக்குக் காட்டும். எல்லாம் ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள். எங்கள் யார்டில் ஒரு டிரெய்லரைத் திருப்ப இதைவிட நேரமாகிறது.

பொய் அலாரமும் உண்டு. விடிகாலை மூன்று மணிக்கு போன் சத்தம் போட, வீட்டில் "என்னங்க, பேங்க்லருந்தா?" என்று பதறி எழுந்தால், கொஞ்ச நேரத்தில் இன்னொரு மெயில்: இது வெடிப்பு இல்லை, நட்சத்திரத்தை வைத்துத் திசை பார்க்கும் கேமரா தடுமாறியதால் வந்தது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தப்பு என்றால் தப்பு என்று உடனே எழுதிவிடுகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

என் பெரிய வருத்தம் 2022 அக்டோபர் 9. ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. நம்ம நேரம் மாலை 6.47-க்கு, இதுவரை பதிவானதிலேயே மிகப் பிரகாசமான காமா வெடிப்பு வந்தது. 190 கோடி ஆண்டு பயணம் செய்த ஒளி! அது வந்த திசை அந்த நேரத்தில் சென்னைக்கு ஏறக்குறைய நடு உச்சி. நான் மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். நாசாவின் இன்னொரு விண்வெளித் தொலைநோக்கியான ஃபெர்மி அதைப் பிடித்துவிட்டது, ஸ்விஃப்ட்டோ 53 நிமிஷம் கழித்துத்தான் விழித்தது, அதுவும் மிச்சம் இருந்த ஒளிர்வைப் பார்த்து. போதாததற்கு, நம்ம பால்வெளியில் உள்ள ஏதோ ஒன்று என்று நினைத்து முதலில் வேறு பெயரும் வைத்தார்கள். பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்து ஜி.ஆர்.பி. 221009ஏ (ஜி.ஆர்.பி. என்றால் காமா கதிர் வெடிப்பு, எண் அதன் தேதி) ஆனது. இதற்காக அரை மார்க் குறைக்கிறேன்.

ரிப்பேர் கதை: 2022 ஜனவரியில், திசை மாறித் திரும்புவதற்கு உதவும் ஆறு சக்கரங்களில் ஒன்று போனது, ஒரு மாதத்தில் ஐந்தோடு வேலைக்கு வந்துவிட்டது. 2024 மார்ச்சில் கைரோ (எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) ஒன்று மக்கர் பண்ணியது, இருக்கிற இரண்டை வைத்து ஓட்டப் பழக்கிவிட்டார்கள். 2004 நவம்பரில் ஏவிய வண்டி, முதலில் திட்டமிட்ட ஆயுள் இரண்டே வருஷம்!

இப்போதைய சிக்கல் வேறு. சூரியன் சூடேற்ற, மேல் காற்று மண்டலம் உப்பி அதை இழுக்கிறது. 600 கிலோமீட்டரில் விட்டது 400-ஐ நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது, மேலே தள்ள அதில் இன்ஜின் கிடையாது. 2025 செப்டம்பரில் நாசா கட்டலிஸ்ட் என்ற கம்பெனிக்கு 3 கோடி டாலர் கொடுத்திருக்கிறது: 2026-ல் ஒரு ரோபோ விண்கலம் போய் அதைப் பிடித்து மேலே ஏற்றவேண்டும் என்பது திட்டம். பிடிப்பதற்கென்று ஒரு கைப்பிடிகூட வைக்காத வண்டி அது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒன்று: இந்த மெயிலுக்குத் தனி ரிங்டோன் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பேங்க் பயம் அதற்கப்புறம்தான் தீர்ந்தது.