தூசிக்குள் பிறக்கும் விண்மீன்கள்: 158-ஆ, 63-ஆ, 88-ஆ?

கோடையில் இருட்டிய பிறகு கிருஷ்ணகிரி மலையடிவாரப் பாறையில் உட்கார்ந்து பாருங்கள். வெயில் போயிருக்கும், பாறை அனலை விட்டுக்கொண்டிருக்கும். தூசி மண்டிய விண்மீன் மண்டலங்களும் (கேலக்ஸிகளும்) இப்படித்தான். இளம் விண்மீன்களின் புறஊதா ஒளியைத் தூசி விழுங்கி, தொலை அகச்சிவப்பாகக் கக்குகிறது. சுமார் 25 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆர்ப் 220 என்ற மண்டலத்தின் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்புதான். அங்கே விண்மீன் பிறப்பை அளக்க ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் நிறமாலைக் கோட்டை (ஓர் அணு தனக்கே உரிய அலைநீளத்தில் விடும் ஒளியை) நம்பினால், கிரானைட் அறுக்கும் பட்டறைத் தூசிக்குள் டார்ச் அடித்து ஆள் எண்ணிய கதை. அதை விட்டுவிடலாம்.

எம்.எஸ்சி. பிராஜெக்டுக்கு ஹெர்ஷல் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் தரவை எடுத்துக்கொண்ட மாணவி கேட்டாள்: "சார், எந்தக் கோட்டைப் பிடிக்கட்டும்?" அந்த விண்கலம் 2013-இல் ஹீலியம் தீர்ந்து ஓய்ந்துவிட்டது, தரவு இலவசமாகவே கிடைக்கிறது.

எல்லோரும் முதலில் கைவைப்பது அயனி கார்பனின், அதாவது ஓர் எலெக்ட்ரானை இழந்த கார்பனின், 158 மைக்ரான் கோடு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). கார்பனிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க 11.3 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும், ஹைட்ரஜனுக்கு 13.6 வேண்டும். அதனால் ஹைட்ரஜன் அயனியாகாத இடத்திலும் இந்தக் கோடு ஒளிரும். (நம்மவர்களும் ஐதராபாத்திலிருந்து பலூனில் 1 மீட்டர் தொலைநோக்கியை ஏற்றி, பால்வெளிக்குள் இதே கோட்டை அளந்திருக்கிறார்கள்.) சாதாரண மண்டலங்களில் தொலை அகச்சிவப்பு ஒளியில் நூறில் ஒரு பங்கு வரைகூட இந்த ஒரே கோட்டில் வரும். சிக்கல், தூசி அதிகமான மண்டலங்களில்தான்: அங்கே பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. விண்மீன் பிறப்பு மும்முரமான இடத்திலேயே அளவுகோல் சுருங்கினால் எப்படி? வாயுவைச் சூடாக்க வேண்டிய ஒளியைத் தூசியே குடித்துவிடுவது ஒரு காரணம். நெருக்கமான வாயுவில் மோதல்கள் கூடியும் இந்தக் கோடு அதற்கேற்ப வளராதது இன்னொன்று.

அப்புறம் ஆக்சிஜனின் 63 மைக்ரான். அடர்த்தியான வாயுவுக்கு இது கார்பனைவிடத் தேவலை. ஆனால் வழியில் குளிர்ந்த ஆக்சிஜன் நின்றால் அதுவே விழுங்கிவிடும். ஆர்ப் 220-இல் 63 பிரகாசமாகத் தெரியவில்லை, பள்ளமாகத்தான் தெரிகிறது. 88 மைக்ரானுக்கு இருமுறை அயனியான ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மிகச் சூடான விண்மீன்கள் வேண்டும். ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் குறைந்த குட்டி மண்டலங்களில் எனக்கு இதுதான் முதல் தேர்வு. தூசி மலைகளில் இல்லை.

சரி, அவளுக்கு என்ன சொன்னேன்? பிறப்பு வேகத்துக்குத் தூசியின் மொத்த அனலை எடு. நடுவில் கருந்துளை இருந்தால் அதன் சூடும் கலந்திருக்கும், கவனம். 158-ஐ வேகமானியாக வைக்காதே. அதை அந்த மொத்த அனலால் வகுத்து, 60, 100 மைக்ரான் ஒளி அளவுகளின் விகிதத்துக்கு எதிரே வரைபடம் போடு; தூசி சூடானால் இந்த விகிதம் கூடும். அந்த இரண்டு எண்களையும் ஐராஸ் என்ற அகச்சிவப்பு விண்கலம் 1983-லேயே அளந்து வைத்துவிட்டது. தூசி சூடேற ஏற, புள்ளிகள் சரிவதை உன் லேப்டாப்பிலேயே பார்க்கலாம்.