உபுண்டு பூட் பாதியில் நின்றால்: கிரப் வரியா, ரெக்கவரி மோடா, லைவ் யூஎஸ்பியா?

உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் கணினி லோகோவிலேயே நின்றுவிட்டால் பலருடைய கை முதலில் லைவ் யூஎஸ்பியை, அதாவது உபுண்டுவை நேரடியாக ஓட்டும் பென் டிரைவைத் தேடிப் போகிறது. மூன்று வழிகளில் கடைசியாகத் தொட வேண்டியது அதுதான்.

முதலில் கிரப் (கணினி எழும்போது உபுண்டுவை ஏற்றும் நிரல்) வரி. பவர் போட்டதும் எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டுங்கள், பழைய பயாஸ் வகைக் கணினி என்றால் ஷிஃப்ட். எஸ்கேப்பைப் படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டிக் கிரப் ஷெல்லில் போய் விழும். மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'கொயட் ஸ்ப்ளாஷ்' இரண்டையும் நீக்கி எஃப்10 தட்டினால், எங்கே நிற்கிறது என்பது திரையில் ஓடும். 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று 1 நிமிடம் 30 வினாடி எண்ணினால் பெரும்பாலும் எஃப்எஸ்டேப் (பூட்டில் எந்தெந்த டிஸ்கை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் கோப்பு) கோளாறு: கழற்றிய டிஸ்கோ, ஃபார்மேட் செய்ததில் யூயூஐடி (அடையாள எண்) மாறிய பார்டிஷனோ அதில் இன்னும் இருக்கிறது. செய்தி எதுவுமின்றித் திரை கறுத்தால் அதே வரியில் 'நோமோட்செட்' (கிராபிக்ஸ் டிரைவரைத் தவிர்த்து ஏறச் சொல்லும் சொல்) சேர்த்துப் பாருங்கள். இந்தத் திருத்தம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், அதனால் எதுவும் கெடாது. ஆனால் நோயைக் காட்டுமே தவிர, நிரந்தரமாகத் தீர்க்காது.

தீர்ப்பதற்கு ரெக்கவரி மோட், அதாவது கிரப்பின் அட்வான்ஸ்டு மெனுவில் உள்ள பழுதுபார்க்கும் முறை. அதற்கு முன், அதே அட்வான்ஸ்டு மெனுவில் பழைய கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓட்டிப் பாருங்கள். அது ஏறினால் சந்தேகம் புதிய கெர்னல் மீதோ, அதற்குக் கம்பைல் ஆகாத என்விடியா டிரைவர் மீதோ. ரெக்கவரியின் ரூட் ஷெல்லில் (முழு அதிகாரமுள்ள கட்டளைத் திரை) டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கலாம். எழுதவும் முடியும்படி ரீமவுண்ட் செய்யாமல் எஃப்எஸ்டேப்பைத் திருத்தினால் சேமிக்காது. காணாமல் போன டிஸ்கின் வரியில் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற குறி) சேர்த்தால் போதும்; உபுண்டு இருக்கும் ரூட் பார்டிஷனுக்கு மட்டும் அதைப் போடாதீர்கள். ரெக்கவரி மோட் தானாகவே நோமோட்செட்டுடன் ஏறும் என்பதால், சாதாரண பூட் கறுத்து இதில் திரை வந்தால் கிராபிக்ஸ் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். டிஸ்க் நிரம்பி லாகின் வராத கேஸுக்கும் இதுவே போதும்.

கிரப்பே வராதபோதும், பழைய கெர்னலிலும் ரூட்டை மவுண்ட் செய்ய (இணைக்க) முடியாமல் கெர்னல் பேனிக் ஆகி எல்லாம் நின்றுவிடும்போதும்தான் லைவ் யூஎஸ்பி. இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்கைத் திறப்பதற்கு முன் ஏறும் சிறு தொடக்க இமேஜ்) பிராம்ப்டில் நின்றால், லைவ் இல்லாமல் அங்கேயே எஃப்எஸ்சிகே (டிஸ்கின் கோப்பு அமைப்பைச் சரிபார்த்துத் திருத்தும் கருவி) ஓட்டலாம். லைவில் ரூட்டை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் என்ற மூன்று சிஸ்டம் ஃபோல்டர்களையும் அதனுடன் பைண்ட் செய்து (இணைத்து), சிஹெச்ரூட் வழியாக டிஸ்கில் உள்ள உபுண்டுவுக்குள் போய், இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தனி பூட் பார்டிஷனை மவுண்ட் செய்ய மறந்தால் புது இனிட்ராம்எஃப்எஸ் வெறும் ஃபோல்டரில் எழுதப்படும், ரீபூட் செய்தால் பழைய கதைதான். லக்ஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பாஸ்வேர்டால் பூட்டும் முறை) இருந்தால், டிஸ்கைத் திறக்கும்போது கிரிப்ட்டேப் என்ற பட்டியல் கோப்பில் உள்ள அதே பெயரைக் கொடுங்கள். பெயர் மாறினால் புது இனிட்ராம்எஃப்எஸ் பாஸ்வேர்டே கேட்காமல் போகலாம்.

முதல் வழியில் ஓடிய செய்திகளில் 'ஐ/ஓ எரர்' (டிஸ்கைப் படிக்க, எழுத முடியாத பிழை) வரிசையாக வந்திருந்தால் எஃப்எஸ்சிகே வேண்டாம். சாகும் டிஸ்கில் எழுதினால் மிச்சமும் போகும். லைவிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் வேறொரு டிஸ்குக்கு நகல் எடுத்துவிட்டு, பழுதை அந்த நகலில் பாருங்கள்.